சிறுதொழிலும் தொழிலாளர் நலனும்

திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் கோயம்புத்தூரின் பம்புசெட் பட்டறைகளிலும், பழகிய தொழிலாளி ஒருவர் விலகினால் வேலையின் வேகமே குறைந்துவிடுவதால், ஆளெடுப்பதைவிட எடுத்தவரைத் தக்கவைப்பதே சிறுதொழில் முனைவோருக்குப் பெரிய சவாலாக உள்ளது. தெரிந்தவர் சொல்லி ஆள் சேர்க்கும் வழக்கம் நம்பிக்கையைத் தந்தாலும், சம்பளம், வேலை நேரம், விடுப்பு, மிகைநேரக் கூலி ஆகியவற்றை எழுத்தில் குறிப்பிடும் பணி நியமனக் கடிதமே பிற்காலப் பூசல்களைத் தவிர்க்க உதவும்.

ஊக்கம் என்பது பணத்தால் மட்டும் வருவதன்று; எனினும், போனஸ் சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் தகுதியுள்ள ஊழியர், சட்டப்படி கணக்கிடப்படும் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதத்தைப் போனஸாகப் பெறுவது அவரது உரிமையாகும் என்பதால், தீபாவளிக்கு முன் அதைத் தாமதமின்றி வழங்குவது முதலாளியின் மதிப்பை உயர்த்துகிறது.

பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களுக்குப் பொருந்தும் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்த, மருத்துவமும் நோய்க்கால உதவித்தொகையும் பேறுகால உதவியும் கிடைக்கின்றன. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள இடங்களில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவை 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. கடை ஊழியர் அமர இருக்கை தரவேண்டும் எனத் தமிழக அரசு 2021இல் சட்டத் திருத்தம் செய்தது.

இவற்றை வீண்செலவாகக் கருதாமல், தொழிலின் முதலீடாகவே முனைவோர் கருத வேண்டும்.