நிலத்தைத் தட்டி நிலத்தடியைக் காணல்

ஜித்ராவிலிருந்து அலோர் ஸ்டார் பக்கம் செல்வோர், நெல்வயல்களின் நடுவே தனித்து நிற்கும் குனோங் கெரியாங் என்னும் சுண்ணாம்புக் குன்றைக் கண்டிருப்பர். 218 மீட்டர் உயரமுள்ள அக்குன்று கண்ணுக்குத் தெரிகிறது. அதைச் சூழ்ந்த வயல்களின் கீழே, பண்டைக் காலத்தில் கடல் படியவைத்த மென்களிமண்ணுக்கு அடியில், பாறை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது? அது திண்ணிய பாறையா, குகைகள் குடைந்த பாறையா? ஜித்ராவின் மேட்டு நிலங்களில் ரப்பரும் செம்பனையும் வேரூன்றிய செம்மண்ணுக்குக் கீழே இருப்பது என்ன? வீடு கட்டுவோருக்கும் கிணறு தோண்டுவோருக்கும் இவை வெறும் ஆராய்ச்சி வினாக்கள் அல்ல.

துளையிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் துளையிடுவது செலவு மிக்கது. ஒரு துளை அது இறங்கிய இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். ஆகவே வல்லுநர்கள், பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து அதன் பக்குவத்தை அறியும் நம் பாட்டிமாரின் முறையையே நிலத்திடமும் கையாளுகின்றனர்.

நிலத்தின் மேல் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அங்கிருந்து நேர்கோட்டில், ஐந்து மீட்டருக்கு ஒன்று என்பது போன்ற இடைவெளியில், அதிர்வுணரிகள் ஊன்றப்பட்டிருக்கும். அடித்த கணத்திலிருந்து அதிர்வு ஒவ்வோர் உணரியையும் அடைய எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆயிற்று என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். உலர்ந்த தளர்ந்த மண்ணில் அதிர்வலை நொடிக்குச் சில நூறு மீட்டரே செல்லும். நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர். திண்ணிய சுண்ணாம்புப் பாறையிலும் கருங்கல்லிலும் 5,000 மீட்டர் அளவிற்கும் பாயும்.

இந்த வேக வேறுபாடே முறையின் உயிர்நாடி. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு இருவர் புறப்படுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் செம்மண் பாதையில் நேராக நடக்கிறார். மற்றவர் சற்றுச் சுற்றிப் பெருஞ்சாலைக்குச் சென்று பஸ் ஏறுகிறார். பட்டணம் அருகில் இருந்தால் நடப்பவர் முந்துவார்; தொலைவில் இருந்தால் பஸ்ஸில் சென்றவரே முந்துவார். அதிர்வலைகளும் அவ்வாறே. மேல்மண்ணில் வேகம் 500 மீட்டர், பாறையில் 3,000 மீட்டர், பாறை 10 மீட்டர் ஆழத்தில் உள்ளது என்றால், ஏறத்தாழ 24 மீட்டர் தொலைவு வரை மண்ணலையே முதலில் வரும். அதற்கு அப்பால், பாறைக்கு இறங்கி ஓடி மீண்டும் மேலேறிய அலை முந்திக்கொள்ளும். 50 மீட்டர் தொலைவிலுள்ள உணரியை மண்ணலை 0.1 நொடியிலும் பாறையலை ஏறத்தாழ 0.056 நொடியிலும் எட்டும்.

அடுக்குகள் தெரிந்திருந்தால் நேரத்தைக் கணக்கிடுவது பள்ளிக் கணக்குப் போன்றது. ஆனால் இங்கே நம் கையில் இருப்பது நேரம், தேடப்படுவது அடுக்குகள். விடையிலிருந்து வினாவைக் கண்டுபிடிப்பது போன்ற இதனை நேர்மாறுக் கணிப்பு எனலாம். கணிப்பொறி முதலில் ஒரு நிலத்தடி அமைப்பை ஊகிக்கிறது. அவ்வமைப்பில் அலைகள் எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. உண்மையில் பதிவான நேரங்களோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையுமாறு ஊகத்தைத் திருத்துகிறது. அளவீட்டுப் பிழையின் அளவிற்கு வேறுபாடு குறையும்வரை இது தொடர்கிறது. முடிவில் வண்ண வண்ணமாக ஒரு படம் அச்சாகி வருகிறது.

அந்தப் படத்தைப் புகைப்படம் என்று எண்ணுவதே பலரும் செய்யும் தவறு. ஒரே நேரப் பதிவுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலத்தடி அமைப்புகள் பொருந்தக்கூடும். கெட்டியான அடுக்கின் கீழே மென்மையான அடுக்கு ஒன்று மறைந்திருந்தால், அது முதலலையாக ஒருபோதும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதனால் ஏற்படும் தாமதத்தைக் கணக்கு வேறு விதமாகப் புரிந்துகொண்டு, பாறையை உண்மையான ஆழத்தினும் கீழே வரைந்துவிடும். சிறு குகையாயின் அலை அதைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். குகை இருந்த தடயமே மங்கிப் போகும்.

நம் அண்டை மாநிலமான பேராக்கில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கின் புக்கிட் புனோவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்வாய்வு நடத்தினர். விண்கல் மோதலில் உருவான பாறையினுள் கற்கருவி ஒன்று பதிந்திருந்ததாகவும், அப்பாறையின் வயது 18 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகள் என்றும் 2009 இல் அறிவித்தனர். விண்கல் விழுந்தது மெய்யானால் பள்ளம் எங்கே? மண் மூடிய அதன் வடிவை அறிய, அவர்கள் அதிர்வலை முறையோடு நின்றுவிடவில்லை. நிலத்தினூடே மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளந்தனர், துளையிட்டும் பார்த்தனர். ஒரு முறைக்குப் புலப்படாதது மற்றொன்றுக்குப் புலப்படலாம் அல்லவா? அவ்வளவு செய்தும் அறிஞர்களிடையே வாதம் ஓயவில்லை என்பது வேறு கதை. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று.

பழம்பொருள் ஆய்வில் படம் பிழைத்தால் இழப்பு சிறிது. மக்கள் நடமாடும் இடத்தில் அப்படியன்று. 2024 ஆகஸ்டு 23 ஆம் நாள், கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியதில் ஆந்திரத்திலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு நிலங்களிலும் மண் உள்வாங்குவது நெடுங்காலமாக அறியப்பட்டதே.

ஜித்ரா வட்டாரத்தின் குன்றுகள் பெரும்பாலும் களிப்பாறையும் மணற்பாறையும் கொண்டவை. நம் மாவட்டத்தின் பெயராலேயே குபாங் பாசு உருவாக்கம் என அவை வழங்கப்படுகின்றன. சுண்ணாம்பைப் போல் இவை நீரில் கரைந்து குகையாவதில்லை. எனினும் தாழ்நிலத்தின் மென்களிமண், மேலே பாரம் ஏற்றினால் மெல்ல மெல்ல அமிழும் இயல்புடையது. தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாக மாறும்போது, அங்கு வீடு வாங்க எண்ணுவோர் நில ஆய்வு அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் வண்ணப்படம் இருந்தால், அதே கோட்டில் எத்தனை துளைகள் இடப்பட்டன, துளையில் கண்ட பாறை ஆழமும் படத்தின் ஆழமும் எத்தனை மீட்டர் வேறுபட்டன என்ற இரண்டையும் பொறியாளரிடம் வினவுக. வட்டாரப் பாறைகளைக் காட்டும் நிலவியல் வரைபடங்கள் கனிம, புவி அறிவியல் துறையிடம் உள்ளன.