எந்த வண்டி? எந்த ரோடு?

திருவொற்றியூரில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கும் புறநகர் ரயில் பயணி, தனக்குத் தெரியாமலே டயரின் பாதி வரலாற்றைக் கடந்து போகிறார். 1946-ல் கே.எம். மாமன் மாப்பிள்ளை ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். 1952-ல் அந்தப் பட்டறை, தேய்ந்த லாரி டயர் மேல் ஒட்டும் ரப்பருக்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் முழு டயரையே செய்தது. இன்றைய எம்.ஆர்.எப். அதுதான். 1950களின் நடுவில் என்பீல்டு இந்தியா புல்லட் பைக்கைக் கோக்கத் தொடங்கியதும் அதே திருவொற்றியூரில். ரயில் போய்ச் சேரும் கும்மிடிப்பூண்டியில், டயரைக் கறுப்பாக்கும் கார்பன் பிளாக் தூள் தயாராகிறது. அங்கிருந்து மேற்கே போனால் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் ஆலை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் வார்க்கிறது. இத்தனைக்கும் நடுவில் இருக்கிறது அத்திப்பட்டு.

ஆனால் அத்திப்பட்டு புதுநகரிலோ மீஞ்சூரிலோ பைக்குக்கு டயர் மாற்றப் போனால், பேச்சு பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

“எந்த வண்டி தம்பி?”

“ஸ்ப்ளெண்டர்ண்ணே, பின் டயர்.”

பழையதைக் கழற்றி, அதே சைஸில் கைக்கு எட்டியதை மாட்டி, காற்றடித்து அனுப்பிவிடுவார்கள். வண்டி எந்த ரோட்டில் ஓடுகிறது, அதில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வண்டிக்காரரும் சொல்வதில்லை. இந்த வட்டாரத்தில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அதுதான்.

ஏனென்றால் இந்த ரோடு சாதாரண ரோடு இல்லை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது, முதன்மையாக வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான். இன்று அது காமராஜர் துறைமுகம்; பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்துவிட்டது. கன்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடி, ரோட்டை இரண்டு சக்கரத் தடங்களாக அமுக்கிவிடுகின்றன. நடுவில் மேடு, இருபுறமும் பள்ளம். அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றிய லாரிகள் ஓரமெல்லாம் மாவு போல ஒரு தூளைச் சிந்திவிட்டுப் போகின்றன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பை உருக்கும் ஆலைகள் நிறைய. அங்கே போகும் பழைய இரும்பு லோடுகளிலிருந்து ஆணியும் கம்பித் துண்டும் தகரச் சீவலும் உதிராத நாள் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இதன் மேல் மழை பெய்தால் சாம்பல் சேறாகிறது, பள்ளத் தடத்தில் தண்ணீர் நிற்கிறது. இரவு ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்தத் தண்ணீரின் ஆழமும் தெரியாது, அடியில் கிடக்கும் ஆணியும் தெரியாது.

டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்கு இங்கேதான் வேலை. காய்ந்த தார் ரோட்டில் பள்ளமே இல்லாத டயர்கூட நன்றாகப் பிடிக்கும்; பந்தய பைக்குகளின் டயர் மொட்டையாக இருப்பது அதனால்தான். தண்ணீர் வந்ததும் கதை மாறுகிறது. ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் உள்ள தண்ணீரை அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ள வேண்டும். தள்ள இடமில்லை என்றால் டயர் தண்ணீரின் மேலேயே ஓடும், பிரேக் பிடித்தால் சறுக்கும். மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பள்ள ஆழம் கேட்கின்றன. அதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் விரலை விட்டால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். டயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. சட்டம் அதுவரை ஓட்ட அனுமதிக்கிறது. ஆனால் அத்திப்பட்டு மழைக்கு அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஜனவரியில் மாற்ற நினைத்திருக்கும் டயரை அக்டோபரிலேயே மாற்றிவிடலாம். மூன்று மாத ரப்பர் மிச்சமாவதால் யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

மொட்டையாவதற்கு முன்பே டயர் கெட்டுப்போகும் இன்னொரு விதமும் உண்டு. பொன்னேரி, பஞ்செட்டி வழியாக ஜி.என்.டி. சாலை ஏறிக் கும்மிடிப்பூண்டிக்குத் தினமும் வேலைக்குப் போகும் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, வட்டமாக இருக்க வேண்டிய முதுகு தட்டையாகிவிடும். ஓரங்களில் ரப்பர் பட்டன்கள் புத்தம் புதிதாக நிற்கும். அதைப் பார்த்து “இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்று சொல்கிறவர்கள் ஏராளம். அந்த வண்டி வளைவில் சாயும்போது தட்டையின் விளிம்பில் ஏறி இறங்கும். ஓட்டுகிறவருக்கு வண்டி ஏதோ தள்ளுவது போல இருக்கும்.

சரி, கடைக்குப் போயாயிற்று. டயரின் பக்கவாட்டில் 80/100-18 54பி என்று பொறித்திருக்கிறது. 80 என்பது மில்லிமீட்டரில் அகலம். அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது 100. ரிம்மின் விட்டம் 18 அங்குலம். பழைய ஸ்ப்ளெண்டர்களில் இதையே 2.75-18 என்று அங்குலக் கணக்கில் போட்டிருந்தார்கள். இதுவரை எல்லாரும் பார்ப்பார்கள். அடுத்து வரும் 54-ஐத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது பாரக் குறியீடு; சரியான காற்றோடு அந்த டயர் 212 கிலோ தாங்கும் என்று பொருள். 47 என்றால் 175 கிலோ, 42 என்றால் 150 கிலோ. ‘பி’ என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்கிறது. இந்த ரோட்டில் அதற்கு வேலையே இல்லை.

பாரத்துக்கு வேலை இருக்கிறது. 110 கிலோவைத் தாண்டிய வண்டி, ஆளுக்கு 70 கிலோவில் இரண்டு பேர், அவர்களின் சாப்பாட்டுப் பை, டூல்ஸ் பை: மொத்தம் 260 கிலோவை நெருங்குகிறது. அதில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தின் மேல். வீட்டுக்குத் திரும்பும்போது பின்னால் அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏறினால் கணக்கு இன்னும் இறுகும். ஒரே 18 அங்குல ரிம்முக்குப் பொருந்தும் டயர்களிலேயே முன் சக்கரத்துக்கு என்று குறைந்த பாரக் குறியீட்டோடு வருபவை உண்டு. நூறு ரூபாய் குறைகிறதே என்று அதைப் பின்னால் மாட்டினால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் அதன் உள்ளே இருக்கும் நைலான் இழைகள்தான் அடி வாங்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது இளைஞர்களின் ஆசை. 100/90-17 இருந்த இடத்தில் 120/80-17 மாட்டினால் பின்பக்கம் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்பது உண்மை. ரிம் அதே அகலம்தான் என்பதால் டயரின் இரு விளிம்பும் உள்ளே இழுக்கப்பட்டு, முதுகு கூம்பிவிடும். தரையைத் தொடும் பரப்பு நினைத்த அளவு கூடாது. வண்டி கனக்கும், மைலேஜ் இறங்கும், சில வண்டிகளில் செயின் கவரில் உரசும். தண்ணீர் நிற்கும் தடத்தில் அகலமான டயர் இன்னும் சுலபமாக மிதக்கும் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. ஒரு படி கூட்டுவது என்றால்கூட வண்டிக் கம்பெனி அனுமதித்த சைஸா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்வதே நல்லது.

டியூப்பா, டியூப்லெஸ்ஸா என்பதில் இந்த வட்டாரத்துக்குக் குழப்பமே இருக்கக் கூடாது. அலாய் வீல் வண்டி என்றால் டியூப்லெஸ்தான். டியூப்பில் ஆணி ஏறினால் காற்று ஒரே மூச்சில் போய்விடும். ஓடும் வண்டி ஆடும், பின்னால் டிரெய்லர் வரும். டியூப்லெஸ் டயரில் அதே ஆணி தானே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று மெதுவாக இறங்கும். ஆணியை ரோட்டிலேயே பிடுங்கிப் போடாமல் அப்படியே மெல்ல ஓட்டிப் பஞ்சர் கடை சேர்ந்துவிடலாம். சாதாரண ஸ்போக்ஸ் சக்கரத்தில் இது நடக்காது. ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு ஓட்டை இருப்பதால் காற்று நிற்காது. டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே டியூப் போட்டே ஆகவேண்டும். புது டயருக்குள் பத்து ஒட்டுப் போட்ட பழைய டியூப்பைத் திணிப்பது இங்கே சர்வசாதாரணம். அது தேவையில்லாத சிக்கனம். டியூப்லெஸ்ஸில் அதே தவறு வால்வில் நடக்கிறது: சில பத்து ரூபாய் ரப்பர் வால்வை மாற்றாமல் விட்டு, பிறகு மாதக் கணக்கில் காற்று இறங்குகிறதே என்று தேடுவார்கள்.

முன் டயர் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பின் சக்கரம் இன்ஜின் இழுவையையும் பாரத்தையும் தாங்குவதால் சீக்கிரம் தேயும். முன் டயர் அதைவிட வெகு நாள் உழைக்கும். அதனால் அது கண்ணில் படுவதே இல்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பின் டயர் சறுக்கினால் வண்டி வாலாட்டும், சமாளித்துவிடலாம். முன் டயர் சறுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது, அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். இரண்டுமே டயர் தருகிற பிடியைத்தான் பங்கிட்டுக் கொடுக்கின்றன, புதிதாகப் பிடியை உண்டாக்குவதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

முன்னும் பின்னும் ஒரே சைஸ் உள்ள வண்டிகளில் ஒரு கைவேலை நடக்கும். பின் டயர் தேய்ந்ததும் முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, முன்னுக்கு மட்டும் புதிது வாங்குவார்கள். புது ரப்பர் முன்னால் இருப்பது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் முன் டயரில் நீளவாக்கில் கோடு ஓடுவது தண்ணீரைப் பிளக்கவும் ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்கவும். பின் டயரில் பட்டன் பட்டனாக இருப்பது இழுவைக்கு. கோடு டயரைப் பின்னால் மாட்டினால் சேற்றில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பாரக் குறியீட்டுச் சிக்கலும் கூடவே வரும்.

“எது ரொம்ப நாள் உழைக்கும்ணே?” இதுதான் வாடிக்கையாளர் கேட்கும் ஒரே கேள்வி. ரப்பரைக் கெட்டியாக வார்த்தால் தேய்மானம் குறையும், ஈர ரோட்டில் பிடியும் குறையும். மென்மையாக வார்த்தால் பிடிக்கும், சீக்கிரம் கரையும். கார்பன் பிளாக் சேராத ஆதிகால டயர்கள் வெளிறிய நிறத்தில், சீக்கிரம் தேய்ந்து போகிறவையாக இருந்தன. அந்தக் கரித் தூள் சேர்ந்த பிறகுதான் டயர் உழைக்க ஆரம்பித்தது. எந்த ரகத்தை எவ்வளவு சேர்ப்பது என்பது ஒவ்வொரு கம்பெனியின் சமையல் ரகசியம். தினசரி வேலைக்கு ஓடும் வண்டிக்கு உச்சகட்ட ஸ்போர்ட்ஸ் டயர் வீண்செலவு. அதே நேரம் மைலேஜ் ஒன்றையே விளம்பரம் செய்யும் டயரை முன் சக்கரத்துக்கு வாங்குவதும் சரியில்லை. கையில் இருக்கும் பணம் ஒரு நல்ல டயருக்குத்தான் போதும் என்றால், அது முன்னால் போகட்டும்.

வாங்குவதற்கு முன் இரண்டு முத்திரைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று ஐ.எஸ்.ஐ.; இருசக்கர டயருக்கான தர எண் ஐ.எஸ். 15627. மற்றது நான்கு இலக்கத் தேதி. 2425 என்றிருந்தால் 2025-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்ந்து மூன்று வருடம் நின்ற டயர், ஓடாமலே கெட்டிப்பட்டிருக்கும். விலையில் அண்மையில் ஒரு நல்ல செய்தி உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 1,500 ரூபாய் என்றால் 1,920 கொடுத்த இடத்தில் 1,770 கொடுத்தால் போதும். பில் கேட்டு வாங்கினால்தான் அந்த 150 ரூபாய் யார் பையில் நிற்கிறது என்று தெரியும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதில் தவறில்லை. பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் வேண்டும். பல சிறிய பைக்குகளுக்கு முன்னால் 25, பின்னால் ஒருவர் என்றால் 28 பி.எஸ்.ஐ. காற்று, இரண்டு பேர் என்றால் கூடுதல். எவ்வளவு என்பது வண்டியிலேயே ஒட்டியிருக்கும். டயர் சூடேறும் முன், வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

கழற்றிய பழைய டயர் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். நல்ல கடையிலிருந்து அது மறுசுழற்சிக்குப் போகும்; வேறு சில இடங்களில் மொட்டை ரப்பரில் சூடான கத்தியால் புதுப் பள்ளம் கீறப்பட்டு, கறுப்புப் பூச்சு ஏறி, மறுபடி விலைக்கு வரும். அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருப்பது ரப்பர் இல்லை, நேராக நைலான் இழை. செகண்ட் ஹேண்ட் டயரை முந்நூறு ரூபாய்க்கு எடுக்கிறவர் பள்ளத்தின் அடியில் அந்த டி.டபிள்யூ.ஐ. மேட்டைத் தேடிப் பார்க்கலாம். கத்தி போன இடத்தில் அது இருக்காது. தன் பழைய டயர் இன்னொருவர் வண்டியில் ஏறக் கூடாது என்று நினைப்பவர், கிளம்பும் முன் கடைக்காரரிடம் சொல்லி அதன் பக்கவாட்டை ஒரு இடத்தில் அறுத்துவிடச் சொல்லலாம். மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடாதபடி, அது வழிந்துபோக அடியில் ஒரு ஓட்டையும் போடச் சொல்லலாம்.