உடம்பு ரெடி... என்ஜின் எங்கே?

சூலூர்ப் பக்கம் ஃப்ரெண்ட் வீட்டு மொட்டை மாடியில நின்னு அரட்டை அடிச்சிருக்கீங்களா? பேசிக்கிட்டே இருக்கும்போது வானத்தைக் கிழிச்சுக்கிட்டு ஒரு சத்தம் போகும். நீங்க நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள ஆளைக் காணோம்! அவர்தான் தேஜஸ். நம்ம நாட்டுல டிசைன் பண்ணின போர் விமானம். 2018-ல் தேஜஸின் முதல் படைப்பிரிவு பெங்களூருவில் இருந்து சூலூருக்குக் குடி வந்தது. 2020-ல் இரண்டாவது பிரிவும் அங்கேயே உருவானது.

சரி, தேஜஸுக்கு ஒரு பெரியப்பா உண்டு, தெரியுமா? பேரு மாருத். இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். அதை டிசைன் பண்ணினவர் சொந்த நாட்டில் வேலை இல்லாமல் கண்டம் விட்டுக் கண்டம் போன ஒரு ஜெர்மன்காரர். அவர் பேரு குர்ட் டாங்க்.

குதிரைக்காரர்!

1898-ல் பிறந்த டாங்க், படிச்சது எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். முதல் உலகப் போரில் குதிரைப்படையில் இருந்தவர். பிற்பாடு ஃபோக்கே-வுல்ஃப் கம்பெனியில் சேர்ந்து விமானம் டிசைன் பண்ணும்போதும் அந்தக் குதிரை ஞாபகம் போகலை. ‘அழகா, வேகமா ஓடற பந்தயக் குதிரை வேண்டாம். சேறு, குளிர், அரைகுறைப் பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாத்தையும் தாங்கற போர்க் குதிரைதான் வேணும்’ என்பது அவர் கணக்கு. அப்படி வந்ததுதான் எஃப்.டபிள்யூ 190. இருபதாயிரத்துக்கும் மேல தயாரிச்சாங்க. இன்னொரு விஷயம், தான் வரைஞ்ச விமானங்களைத் தானே ஓட்டிப் பார்க்கிற பைலட் அவர். வரைபடத்தில் தப்பு இருந்தா முதல் பலி அவரேதான்!

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிடணும். அந்த விமானங்கள் பறந்தது ஹிட்லருக்காக. ஃபோக்கே-வுல்ஃப் ஆலைகளில் கட்டாய உழைப்புக்கு இழுத்து வரப்பட்டவங்க வேலை செஞ்சாங்க. ‘நான் வெறும் இன்ஜினீயர்தான்’னு சொல்லி யாரும் இதிலிருந்து நழுவிட முடியாது. நாளைக்கு வேலைக்குப் போகப் போற நீங்களும் இதை ஒரு ஓரமா மனசுல வெச்சுக்கங்க.

அர்ஜென்டினா டூ பெங்களூரு

போர் முடிஞ்சதும் ஜெர்மனியில் விமானம் கட்டவே தடை. டாங்க் ‘பெத்ரோ மத்தியெஸ்’ங்கிற பொய்ப் பேரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். அங்கே கோர்தொபா நகரத்தில் ‘புல்கி 2’ன்னு ஒரு ஜெட். 1950-ல் பறந்தது. சோதனைகளில் பைலட்டுகள் பலியானாங்க. 1955-ல் அதிபர் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. டாங்க் மறுபடியும் பெட்டியைக் கட்டினார்.

இந்த முறை பெங்களூரு! 1956-ல் ஹெச்.ஏ.எல்.லில் வந்து இறங்கினார். கூட வந்தது ஒரு சின்ன ஜெர்மன் டீம். மற்றபடி எல்லாரும் நம்ம ஊர்ப் பசங்கதான். ஜெட் போர் விமானம் டிசைன் பண்ணின அனுபவம் அவங்களுக்குக் கிடையாது. காற்றுச் சுரங்கம், சோதனைச்சாலைன்னு எல்லாத்தையும் வேலை நடக்க நடக்கத்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

முதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? என்ஜினே இல்லாமல், அசல் சைஸில் மரத்தில் ஒரு கிளைடர்! 1959-ல் அதை டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போய், மேலே அவிழ்த்துவிட்டு சோதிச்சாங்க. வடிவம் சரிதான்னு உறுதியாச்சு. 1961 ஜூன் 17. விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் நிஜ மாருத்தைக் கிளப்பினார். வேலை தொடங்கி ஐந்தே வருஷம்!

மோட்டார் எங்கண்ணா?

இனிமேல்தான் கோயம்புத்தூர்க்காரங்களுக்கு சட்டுனு புரியற மேட்டர். 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் எலெக்ட்ரிக் மோட்டார் செஞ்ச ஊராச்சே இது! கிணறு, பைப், தொட்டி எல்லாம் பக்காவா இருந்து மோட்டார் மட்டும் சின்னதா இருந்தா தோட்டத்துக்குத் தண்ணி எப்படிங்க பாயும்?

மாருத்துக்கு ஆனது அதுதான். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம்னு மனசுல வெச்சு வரைஞ்ச உடம்பு அது. அதுக்காக நம்பியிருந்தது ஓர்ஃபியூஸ் 12-ங்கிற பிரிட்டிஷ் என்ஜின். ஆஃப்டர்பர்னரோடு 8,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை. அதை முழுசா உருவாக்கி முடிக்க இந்தியா பணம் போடணும்னு கேட்டாங்க. நம்ம அரசு மறுத்துடுச்சு. கடைசியில் கையில் இருந்த ஓர்ஃபியூஸ் 703-ஐ இரண்டு மாட்டினாங்க. ஒவ்வொன்றும் 4,850 பவுண்டு. எகிப்து உருவாக்கிய ஒரு என்ஜினைக்கூட மாட்டிப் பார்த்தாங்க, கைகூடலை. ஒலியின் வேகத்தைத் தொடவே மாருத் திணறியது. 1970 ஜனவரியில், கூடுதல் உந்துவிசைக்கான சோதனை விமானம் ஒன்றில் கிளம்பிய சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்துபோனார்.

பாஸா? ஃபெயிலா?

‘அப்ப மாருத் ஃபெயில்தானே?’ன்னு கேட்கறீங்களா? அவசரப்படாதீங்க. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் களத்துக்குப் போனது இதே மாருத்தான். குண்டடி பட்டு ஒரு என்ஜின் செத்த பிறகும், இன்னொன்றை வெச்சே வீடு திரும்பின மாருத்துகள் உண்டு. டாங்க் சொன்ன அந்தப் போர்க் குதிரை ஞாபகம் வருதா?

மொத்தம் 147 மாருத்துகள் கட்டினாங்க. டாங்க் 1967-ல் ஊருக்குத் திரும்பினார். 1983-ல் மியூனிக்கில் காலமானார். 1990-க்குள் மாருத்துகளும் ஓய்வு பெற்றன. அதுக்கப்புறம் நாமே டிசைன் பண்ணின அடுத்த போர் விமானம் தேஜஸ். பறந்தது 2001 ஜனவரி 4. முதல் மாருத்துக்கும் முதல் தேஜஸுக்கும் நடுவே 40 வருஷம்! நடுவில் ஒரு தலைமுறை அனுபவம் கை நழுவிப் போச்சு. கற்றதைக் கற்றவங்களோடயே ரிட்டயர் ஆக விட்டா இதுதான் நடக்கும்.

இன்னொன்று. தேஜஸுக்காக 1980-களின் கடைசியில் ‘காவேரி’ன்னு சொந்த என்ஜின் தொடங்கினாங்க. அது தேஜஸில் ஏறலை. சூலூரில் பறக்கிற தேஜஸின் வயிற்றுக்குள் உறுமுவது அமெரிக்க எஃப் 404.

அதனால ஃபைனல் இயர் மக்களே... காந்திபுரத்தில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி, அட்டையில் பேரை மட்டும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. வெளி உடம்பை யார் வேணா பளபளன்னு பண்ணிடலாம். உள்ளே ஓடறது உங்களுதான்னு சொல்ல முடியுமா?

அடுத்த தடவை பெங்களூரு டூர் போனா, விஸ்வேஸ்வரய்யா மியூசியம் வாசல்ல ஒரு மாருத் நிக்கும். செல்ஃபி எடுத்துக்கங்க. அப்படியே பின்பக்கம் போய், அந்த இரண்டு என்ஜின் ஓட்டைகளையும் குனிஞ்சு பாருங்க. யாராவது ஒருத்தருக்காவது ‘இதை நான் நிரப்பிக் காட்டறேன்’னு தோணினா போதும். அந்த ஒருத்தர் ஏன் நம்ம ஊர் ஆளா இருக்கக் கூடாதுங்க?