இலவம் பஞ்சு ஏன் மில்லுக்குப் போவதில்லை?

தேனியில் நூற்பாலைகளுக்குக் குறைவில்லை. போடி, வருசநாடு பக்கம் இலவ மரங்களும் நிறையவே உண்டு. ஆனாலும் இலவம் பஞ்சு மில் வாசலை மிதிப்பதில்லை. நேராகத் தலையணை உறைக்குள் போய்விடுகிறது. காரணம், அந்தப் பஞ்சின் 'முடி வாகு'!

ஆமாம், பஞ்சு என்பதே செடியின் முடிதான். வெண்டைக்காய் பறிக்கும்போது கையை அரிக்குமே, அந்தச் சுணையும் முடிதான். நமக்கு எல்லாம் சுணை. தாவரவியல்காரர்களுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வெண்டைபோல விறைப்பாகக் குத்தினால் 'ஹிஸ்பிட்'. எருக்கிலையின் அடிப்பக்கம்போல வெள்ளைக் கம்பளி போர்த்தியிருந்தால் 'டொமென்டோஸ்'. சின்னமனூர் வெற்றிலைபோல வழவழவென்று இருந்தால் 'கிளாப்ரஸ்', அதாவது மொட்டை.

பருத்திக்கு முடி முளைப்பது விதைத்தோலில். ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். காய் வெடித்துக் காயும்போது இழை தட்டையாகி, ரிப்பன்போல முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன. விதையை விட்டுப் பிரிக்க ஜின்னிங் மெஷினும் வேண்டும்.

இலவத்துக்கு முடி முளைப்பது காயின் உட்சுவரில். விதைகள் பஞ்சுக்குள் சும்மா படுத்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். இழையில் முறுக்கு கிடையாது. வெளியே மெழுகுப்பூச்சு, உள்ளே வெறும் காற்று. வழுக்கி ஓடும் இழையை மட்டும் வைத்து எப்படி நூற்பது? ஆனால், தண்ணீரை ஒட்டவிடாத அந்த மெழுகும் காற்றும்தான் இரண்டாம் உலகப் போர் காலத்தில் இதை லைஃப் ஜாக்கெட்டுக்குள் கொண்டுபோயின. பிறகு ஃபோம் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது நம் மெத்தையையும் அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. இலவம் பஞ்சை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இலவு காத்த கிளியைத்தான் எல்லோரும் கேலி செய்கிறோம். கோடையில் காய் வெடிக்கும் முன் பறித்தாக வேண்டும். இல்லாவிட்டால் விவசாயியும் அந்தக் கிளி கதைதான். காற்று வருமானத்தை அள்ளிப் போய்விடும். உடைத்துப் பஞ்சு பிரிக்கிற இடத்தில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டாமல் நிற்கவே முடியாது.

தலையணை வாங்கும்போது கழிவுப் பஞ்சு கலந்திருக்குமோ என்று சந்தேகமா? கொஞ்சம் எடுத்து விரலால் திரித்துப் பாருங்கள். திரி போல முறுக்கேறி நின்றால் அதில் பருத்தி இருக்கிறது. வழுக்கிப் பிரிந்தால் இலவம். வாங்கிய பிறகு தண்ணீரில் துவைக்காதீர்கள்; நல்ல வெயிலில் போட்டுத் தட்டினாலே மறுபடி உப்பிவிடும்.