ஒரு பாசிட்டிவோடு தேடல் முடிவதில்லை

அவசரப்படும் சிறுநீரக நோய்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சிறுநீர் கடும் டீ நிறத்தில் போகிறது, கால் வீங்குகிறது, கிரியாட்டினின் இரண்டே வாரத்தில் 1.5-லிருந்து 4-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அவை வழக்கமாக இப்படி அவசரப்படுவதில்லை. இந்த வேகத்தைக் கண்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அந்தத் தாக்குதலின் தடயங்களாக ரத்தத்தில் தேடப்படுபவை முக்கியமாக மூன்று. சிறு ரத்தக் குழாய்களை வீங்கவைத்துப் புண்ணாக்கும் நோயைக் காட்டும் ஆன்கா. வடிகட்டியின் அடிச்சவ்வையே குறிவைக்கும் ஆன்டி-ஜிபிஎம். லூபஸ் நோயைச் சுட்டும் ஏ.என்.ஏ.வும் டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருளும். இவற்றில் ஒன்று பாசிட்டிவ் என்று வந்ததும் காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்துத் தேடலை நிறுத்துவது ஆபத்து. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பதே என் வாதம்.

தொழிற்பேட்டைப் பகுதிக்கு இதில் தனி அக்கறை தேவை. வார்ப்புப் பட்டறை மணலிலும் மணல் வீச்சு வேலையிலும் கிளம்பும் சிலிக்கா தூசிக்கும் ஆன்கா நோய்க்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆன்டி-ஜிபிஎம் உள்ளவர் புகைபிடித்தால் நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. ஆகவே என்ன வேலை செய்கிறார், பீடி சிகரெட் உண்டா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டும் சேர்ந்து வரும்போது

ஆன்காவும் ஆன்டி-ஜிபிஎம்மும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2017-ல் நான்கு ஐரோப்பிய மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. அதில் ஆன்டி-ஜிபிஎம் மட்டும் இருந்தவர்கள் 41 பேர். இரண்டும் இருந்தவர்கள் 37 பேர். அதாவது ஆன்டி-ஜிபிஎம் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆன்காவும் இருந்தது. இது வெறும் கணக்கு அல்ல, சிகிச்சையையே மாற்றும் சேதி. ஆன்டி-ஜிபிஎம் மட்டும் உள்ளவர்களில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. இரண்டும் இருந்து உயிர் பிழைத்தவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் திரும்பியது. முதலாவது வகையினருக்கு ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு, பிளாஸ்மா மாற்று ஆகியவற்றைச் சில மாதங்களில் முடித்துவிடலாம். இரண்டும் உள்ளவருக்கு அதே வேகமான தொடக்கச் சிகிச்சையோடு, பிறகு நீண்ட காலம் தடுப்பு மருந்தும் வேண்டும். ஆன்காவோடு நிறுத்திக்கொண்டவர் உடனடியாகத் தேவைப்படும் பிளாஸ்மா மாற்றை இழப்பார்; ஆன்டி-ஜிபிஎம்மோடு நிறுத்திக்கொண்டவர் பின்னால் தேவைப்படும் மருந்தை இழப்பார்.

தாமதத்தின் விலையும் தெரிந்ததுதான். ஆன்டி-ஜிபிஎம் நோயாளிகள் 71 பேரைப் பற்றி லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கிரியாட்டினின் 5.7-க்குக் கீழே இருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களில் 95 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குப் பின்னும் சிறுநீரகம் வேலை செய்தது. உடனே டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் வந்தவர்களில் அது 8 சதவீதம் மட்டுமே.

எல்லாம் பாசிட்டிவ் என்றால் எதை நம்புவது?

நிறைய பரிசோதனை செய்தால் பொய்யான பாசிட்டிவும் நிறைய வரும் என்ற ஆட்சேபம் நியாயமானது. 1:40 அளவில் ஏ.என்.ஏ. பார்த்தால் ஆரோக்கியமானவர்களில் 31.7 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ் வரும் என்று 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. 1:160 அளவில் அது 5 சதவீதமாக இறங்குகிறது. ஏ.என்.ஏ. இருந்தால், ஒளிரும் சாய முறையில் அது ஆன்கா போலவே தோன்றிக் குழப்பும். அதனால்தான் ஆன்கா குறிவைக்கும் எம்.பி.ஓ., பி.ஆர்.3 என்ற இரண்டு இலக்குகளையும் தனித்தனியே அளக்கும் பரிசோதனை கேட்கப்படுகிறது. காசநோயிலும் இதய வால்வுத் தொற்றிலும் ஆன்கா தலைகாட்டுவதுண்டு. தைராய்டுக்கான புரோபைல்தையோயுராசில், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின் போன்ற மருந்துகள் பல எதிர்ப்பொருள்களை ஒன்றாகவே கிளப்பிவிடலாம்; அப்போது முதல் சிகிச்சை அந்த மருந்தை நிறுத்துவதுதான். ஆனால் இவை எல்லாம் பரிசோதனையைத் தவிர்ப்பதற்கான காரணங்கள் ஆகா, முடிவைக் கவனமாகப் படிப்பதற்கான காரணங்கள். மூட்டு வலிக்கெல்லாம் இந்தப் பட்டியலை எழுதித் தரச் சொல்லவில்லை. சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருந்து கிரியாட்டினினும் வேகமாக ஏறுகிறவருக்கு ஆன்டி-ஜிபிஎம் பாசிட்டிவ் வந்தால், அதைக் குறைந்த அளவு ஏ.என்.ஏ.வோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

பயாப்ஸி இருக்கும்போது ரத்தப் பரிசோதனை எதற்கு என்பார்கள். பயாப்ஸி அவசியம்தான். சவ்வு நெடுகக் கோடாகப் படிந்த எதிர்ப்பொருளா, ஏறக்குறைய எதுவும் படியாத புண்ணா, லூபஸில் போலத் திட்டுத்திட்டான படிவா என்பதை அதுவே காட்டும்; ரத்தத்தில் சிக்காத ஆன்டி-ஜிபிஎம்மைக்கூடச் சில சமயம் பிடித்துவிடும். ஆனாலும் கோடாகப் படிந்ததைப் பார்த்து மட்டும் கூடவே ஆன்காவும் உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தக்கசிவு அபாயத்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போட நேர்ந்தால் கையில் இருப்பதும் ரத்த முடிவு மட்டும்தான்.

எங்கே தொடங்குவது

செலவு என்ற தடை உண்மையானது. ஆனால் முதல் படிக்கு அதிகம் செலவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையையும் கிரியாட்டினினையும் ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளிலேயே பார்க்கலாம். சளியில் ரத்தம் வந்தால் நம் ஊரில் முதலில் காசநோயைத் தேடுவது சரியே. அன்றைக்கே சிறுநீரையும் பார்த்துவிட்டால், நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கும் இந்த நோய் நழுவாது. முடிவு சந்தேகத்துக்கு இடமளித்தால் காத்திருக்காமல் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற, சிறுநீரகவியல் துறை உள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும், இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அதையும் கொண்டுபோகலாம். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் பாசிட்டிவ் வந்த எல்லா எதிர்ப்பொருள்களும் அவற்றின் அளவோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவர் மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிக்கும்போது அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவெடுப்பார்.