தாய்க்கும் வேண்டும் ஒரு தாய்மடி

இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் பெரியோர் வாக்கு. பிள்ளையின் குணத்தைச் சொல்லவே இப்பழமொழியை நாம் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்தத் தாயும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவள்தானே! அவள் வளர்ந்த விதம், அவள் பிள்ளை பெறும் வேளையில் அவளுடைய மனநலத்தை எவ்வாறு பாதிக்கிறது? இதை நான் அறிந்துகொண்டது என் வீட்டில்தான்.

சென்ற ஆண்டு என் அக்காள் தலைப்பிரசவத்திற்கு எங்கள் வீட்டிற்கு வந்தாள். சுகப்பிரசவம். ஆனால் ஒரு மாதம் கடந்தும் அவள் அழுகை ஓயவில்லை. குழந்தை வீறிட்டாலும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். 'காற்றுக் கருப்பு' என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள். 'இவளுக்குப் பிள்ளைப் பாசமே இல்லை' என்று ஏசினார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் உடற்கூற்றைப் பார்ப்போம். கருவுற்ற காலத்தில் பெருகியிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன்கள் பிரசவமான சில நாட்களில் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அந்நாட்களில் பல தாய்மார்களுக்குக் காரணம் தெரியாத அழுகை வரும். இரண்டு வாரத்திற்குள் தானே அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும்.

ஹார்மோன் குறைவது எல்லாத் தாய்மாருக்கும் பொது. நோய் மட்டும் சிலருக்கே வருவது ஏன்? வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்து, 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 11 சதவீதத் தாய்மார்களுக்குப் பிரசவத்திற்குப் பின் இந்நோய் புதிதாக வந்தது தெரிந்தது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல் ஆகியவற்றுடன், மாமியாரிடமும் பெற்றோரிடமும் உறவு சீராக இல்லாமையும் இந்நோயோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது.

பெற்றோர் உறவின் வேர் இளமைப் பருவத்தில் அல்லவா இருக்கிறது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றிய செல்மா ஃபிரைபர்க் என்னும் அம்மையார், தம் குழுவினருடன் 1975-இல் எழுதிய கட்டுரையில் ஓர் இளம் தாயைப் பற்றிக் கூறுகிறார். தன் குழந்தை கதறினாலும் அத்தாய் திரும்பிப் பார்க்கமாட்டாள். விசாரித்தபோது, சிறுமியாக அவள் அழுத அழுகையை எவரும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. அக்குழுவினர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் வீட்டிற்கே போய், அவள் கதையைப் பொறுமையாகக் கேட்டனர். தன் பழைய துயரத்தைச் சொல்லி அழுத பிறகு, அவள் தன் குழந்தையை அணைக்கத் தொடங்கினாள்!

என் அக்காளின் கதையும் இதுவே. எங்கள் பெற்றோர் ஆண்டுதோறும் ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையான என்னைத் தூக்கிச் சென்றவர்கள், ஆறு வயது அக்காளை உறவினர் வீட்டில் விட்டுச் சென்றார்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்க அங்கே ஆளில்லை. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பும் நின்றது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நான், அவளுக்குக் கிடைக்காத மடியில் வளர்ந்தவன்.

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் மருந்து எழுதும் முன், "நீ எப்படி அம்மா வளர்ந்தாய்?" என்று கேட்டார். அக்காள் அன்று பேசியதை அம்மாவும் அருகிலிருந்து கேட்டார். வீடு திரும்பிய இரவு, "வயித்துப்பாட்டுக்காக விட்டுட்டுப் போனேன் சாமி" என்று சொல்லி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மருந்தும் ஆறுதலுமாகச் சில மாதங்களில் அக்காள் தேறினாள்.

இளமையில் துன்புற்றவர் எல்லோருக்கும் இந்நோய் வரும் என்பதில்லை. ஏழைப் பெற்றோரைக் குற்றவாளியாக்குவதும் என் நோக்கமன்று. கர்ப்பிணியின் எடையைக் கேட்கிறோம், இரத்த அளவைக் கேட்கிறோம். அவள் மனத்தையும் கேட்போம் என்பதே என் வேண்டுகோள். அரசின் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருத்தல் நலம்.

நூலைப் போலத்தான் சேலை. ஆனாலும் நண்பர்களே, அறுந்த இழையை முடிந்து நெய்யவும் மனிதக் கைகளுக்குத் தெரியும்!