தேடுபொறியை ஏமாற்றும் போலிப் பக்கங்கள்

ஆத்தங்குடித் தரைக்கல் எப்படிச் செய்யப்படுகிறது என்று உங்கள் கைபேசியில் தேடிப் பாருங்கள். நொடிப்பொழுதில் பல பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுள் ஏதேனும் ஒன்று, இக்கல்லைச் சூளையில் சுட்டு எடுப்பதாகக் கூறினால் அப்பக்கத்தை உடனே மூடிவிடலாம். ஆத்தங்குடிக் கல் சுடப்படுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். அதன் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. காரைக்குடிப் பக்கத்தார் பலருக்கு இது தெரியும். தேடுபொறிக்குத் தெரியாது!

அப்படியானால் எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது என்று அது எவ்வாறு முடிவு செய்கிறது? ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் ஒரு வழியை வெளியிட்டனர். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்திற்கு இணைப்பு கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு பெருகப் பெருகப் பக்கம் மேலே ஏறும். மதிப்புள்ள பக்கத்தின் சிபாரிசுக்கு எடையும் அதிகம். செட்டிநாட்டு வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தாரின் உண்டியல், அதை எழுதியவரின் நாணயத்தை நம்பித்தானே கை மாறியது?

ஆனால் சிபாரிசைப் பொய்யாகவும் உண்டாக்கலாம். ஒரே ஆள் நூறு தளங்களைத் தொடங்கி, அவற்றை ஒன்றுக்கொன்று இணைத்துவிடுகிறான். ஒருவனே நூறு பெயரில் சாட்சி சொல்வது போன்றது இது. கைவிடப்பட்ட நல்ல தளத்தின் பெயரை விலைக்கு வாங்கி, அதில் குப்பையை நிரப்புவோரும் உண்டு. பழைய கடையின் பெயர்ப்பலகையை மட்டும் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எல்லாம் விளம்பரக் காசுக்காகத்தான்.

கூகுள் நிறுவனம் 2011இல் தரமற்ற பக்கங்களையும், 2012இல் பொய் இணைப்புகளையும் கீழே தள்ளத் தன் கணக்குமுறையை மாற்றியது. 2024 மார்ச்சில், பழைய பெயரை வாங்கி ஏமாற்றுவதையும், பக்கங்களை மலைமலையாக உற்பத்தி செய்வதையும் தடுக்க விதிகள் வகுத்தது. என்றாலும் போட்டி ஓயவில்லை. தமிழில் ஒரு பொருளைப் பற்றி நல்ல பக்கங்கள் சிலவே இருந்தால், குப்பைக்கு முதலிடம் பிடிப்பது எளிது.

தரைக்கல்லைப் பற்றிய தவறான செய்தியால் பெரிய நட்டமில்லை. வங்கியின் உதவி எண்ணைத் தேடும்போது போலிப் பக்கம் முன்னால் வந்தால்? அந்த எண்ணில் பேசுபவன் உங்கள் ரகசிய எண்ணைக் கேட்பான். வங்கியின் சரியான தொலைபேசி எண் பண அட்டையின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தேட வேண்டியதே இல்லை. பணம் பறிபோய்விட்டால், தாமதியாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால், அதை முடக்க வழியுண்டு.